தகரம் பாடிய கதை

வீட்டிலே மூன்று வயதுக் குழந்தை ஒன்று இருந்தால் பிஸ்கோத்து டின்னுக்கும் மண்ணெண்ணெய் டப்பாவுக்கும் நிம்மதி கிடையாது. கையில் ஓர் அகப்பை அகப்பட்டதும் குழந்தை கச்சேரியை ஆரம்பித்துவிடுகிறது. தாத்தா பத்திரிகையைக் கீழே வைக்கிறார். பாட்டி காதைப் பொத்திக்கொள்கிறாள். தாயார் சமையலறையிலிருந்து ஓடிவந்து டப்பாவைப் பிடுங்கி அலமாரியின் மேல்தட்டிலே வைத்துவிடுகிறாள். வீட்டில் அமைதி நிலவுகிறது. எவ்வளவு நேரத்துக்கு? அடுத்த நிமிஷமே குழந்தை வெண்கலத் தாம்பாளத்தைக் கண்டுபிடித்துவிடுகிறது.

ஒரு தேசத்து ஜனங்கள் ஏறக்குறைய அறுபது எழுபது வருஷ காலம் இதே காரியத்தைச் செய்தார்கள். சர்க்கார் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது. அவர்கள் இன்னொன்றை எடுத்துத் தட்டினார்கள். தோல் முரசு போயிற்று, மூங்கில் வந்தது. மூங்கிலும் போயிற்று, தகரம் வந்தது. கடைசியில், எண்ணெய் தீர்ந்து குப்பையில் உருண்டு கிடந்த இரும்புப் பீப்பாய் ஒன்று, உலகம் அதுவரை கேட்டிராத இனிய நாதத்துடன் பாட ஆரம்பித்தது. அந்தத் தேசம் டிரினிடாட். அந்த நாதம் பிறந்த உத்ஸவம் கார்னிவல்.

எஜமானர் போட்ட வேஷம்

தென் அமெரிக்காவின் வடகரையில், வெனிசுவேலா நாட்டுக்கு எதிரே, கரிபியன் தீவு வரிசையின் தெற்குக் கோடியில் இருக்கிறது டிரினிடாட் தீவு. 1498-ம் வருஷத்தில் கொலம்பஸ் அதைக் கண்டு, கிறிஸ்தவர்களின் திரித்துவத்தை நினைந்து அந்தப் பெயரை இட்டார். பிறகு முந்நூறு வருஷம் ஸ்பானியரின் ஆட்சி. தீவில் ஜனங்கள் போதவில்லை என்று கண்ட ஸ்பானிய அரசர், 1783-ம் வருஷத்தில் ஒரு சாஸனம் பிறப்பித்தார். 'கத்தோலிக்கர்கள் யாராயினும் வரலாம், நிலம் தரப்படும்' என்பது அதன் சாரம். பக்கத்துத் தீவுகளிலிருந்து பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் வந்தார்கள். தங்களுடன் ஆப்பிரிக்க அடிமைகளையும் கொண்டுவந்தார்கள். 1797-ல் பிரிட்டிஷார் தீவைப் பிடித்துக்கொண்டார்கள். ஆக, ஸ்பானியர் பெயரிட்டு, பிரெஞ்சுக்காரர் குடியேறி, ஆங்கிலேயர் ஆண்ட தீவு அது. உழைத்தவர்கள் மட்டும் ஆப்பிரிக்கர்கள்.

ஈஸ்டர் பண்டிகைக்கு முன்னே கிறிஸ்தவர்களுக்கு நாற்பது நாள் விரதகாலம் உண்டு. அந்த விரதம் சாம்பல் புதனன்று தொடங்குகிறது. அதற்கு முந்தின இரண்டு நாட்களும் ஆடிப்பாடித் தீர்த்துவிடுவது பிரெஞ்சுக்காரரின் வழக்கம். அதுவே கார்னிவல். சீமான்களும் சீமாட்டிகளும் முகமூடி அணிந்து வீடு வீடாகச் சென்று விருந்துண்டு நடனமாடினார்கள். அவர்கள் விரும்பிப் போட்ட வேஷங்களில் ஒன்று விசித்திரமானது. தங்கள் சொந்த அடிமைகளைப் போலவே அவர்கள் வேஷம் போட்டுக்கொண்டார்கள்!

கரும்புத் தோட்டத்தில் தீப்பிடித்தால், கரும்பு பாழாவதற்குள் வெட்டி எடுத்துவிட வேண்டும். நள்ளிரவானாலும் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களின் அடிமைகளை எல்லாம் தீவட்டியுடன், சவுக்கடியுடன், சங்கொலியுடன் விரட்டிக்கொண்டு போவார்கள். அதற்குப் பிரெஞ்சு மொழியில் 'எரிந்த கரும்பு' என்று பெயர். பேச்சு வழக்கில் அது 'கேன்பூலே' என்று ஆயிற்று. அடிமைக்கு அது நரக வேதனை. எஜமானருக்கோ கார்னிவல் ராத்திரியில் நடித்துக் காட்டுவதற்கு ஒரு வேடிக்கை.

1834-ம் வருஷம் ஆகஸ்டு முதல் தேதி பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் 'பயிற்சிக் காலம்' என்ற பெயரால் இன்னும் நான்கு வருஷம் அவர்களைக் கட்டி வைத்திருந்து, 1838-ல்தான் விட்டார்கள். விடுதலை பெற்ற ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். கேன்பூலேயை எஜமானரிடமிருந்து திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அடிமை நாட்களின் தீவட்டியும் சங்கும் இப்போது விடுதலையின் ஞாபகச் சின்னங்கள் ஆயின. முதலில் ஆகஸ்டு மாதத்தில் நடந்த அந்த ஊர்வலம், பிற்பாடு கார்னிவலின் ஆரம்ப ராத்திரிக்கு மாறிற்று. முன்பு எஜமானர் அடிமை வேஷம் போட்டார். இப்போது பழைய அடிமைகள் எஜமானர் வேஷம் போட்டு, அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் நடையையும் உடையையும் கேலி செய்தார்கள். சீமான்கள் முகம் சுளித்து ஜன்னலை மூடிக்கொண்டார்கள்.

தீவட்டிச் சண்டை

ஊர்வலத்தின் முன்னணியில் கழிச் சண்டைக்காரர்கள் வருவார்கள். நம் சிலம்பக்காரர்களைப் போல அவர்களுக்கும் வாத்தியார் உண்டு, வரிசை உண்டு, முரசு உண்டு. ஒவ்வொரு கோஷ்டிக்கும் பாட்டுக்காரன் ஒருவன் இருந்தான். அவன் எதிரியை ஏசிப் பாடிய பாட்டிலிருந்துதான் பிற்காலத்தில் 'கலிப்ஸோ' என்று உலகப் பிரசித்தி அடைந்த பாட்டு வளர்ந்தது.

தலைநகரான போர்ட் ஆப் ஸ்பெயினில் காப்டன் பேக்கர் என்பவர் போலீஸ் தலைவராக இருந்தார். தீவட்டியும் கழியும் முரசும் ஒழிந்தால்தான் ஊரில் ஒழுங்கு நிலைக்கும் என்பது அவருடைய உறுதியான அபிப்பிராயம். 1880-ம் வருஷத்தில் அவர் சொன்னபடி ஜனங்கள் கீழ்ப்படிந்துவிட்டார்கள். அதனால் அவருக்குத் துணிவு உண்டாயிற்று. ஆனால் 1881-ம் வருஷக் கார்னிவலில் ஜனங்கள் தயாராக வந்திருந்தார்கள். ஒன்றோடொன்று சண்டையிட்டு வந்த கோஷ்டிகள், அந்த ஓர் இரவு மட்டும் ஒன்று சேர்ந்து நின்றன. தெருவில் போலீஸாருக்கும் கழிக்காரர்களுக்கும் பெருஞ்சண்டை மூண்டது. இரு தரப்பிலும் பலருக்கு மண்டை உடைந்தது. மறுநாள் கவர்னர் பிரீலிங் துரையே நேரில் வந்து ஜனங்களிடம் சமாதானமாகப் பேசி, போலீஸாரைக் கொட்டடியில் இருத்திவைப்பதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் ஊர் அடங்கிற்று.

வெற்றி அற்பாயுளாக முடிந்தது. 1883, 1884 ஆகிய வருஷங்களில் புதுச் சட்டங்கள் வந்தன. தீவட்டி கூடாது, பத்துப் பேர் கழியுடன் கூடக் கூடாது, தோல் முரசு கொட்டுவதும் சர்க்காரின் தடைக்கு உட்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலின் அடித்தட்டில் ஒரு துணிமூட்டைகூட இல்லாமல் வந்த ஜனங்கள், நினைவிலே சுமந்து வந்த ஒரே சொத்து முரசின் தாளம். அதுவும் குற்றமாகிவிட்டது.

நம்மவர் சிந்திய இரத்தம்

இந்தச் சட்டத்தின் கை இன்னொரு ஜனசமூகத்தின் மீதும் விழுந்தது. அவர்கள் நம்மவர்கள்.

விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்கள் பழைய கூலிக்குத் தோட்டத்தில் உழைக்க மறுத்தார்கள் அல்லவா? அந்த இடத்தை நிரப்ப, 1845-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி, 'பாடெல் ரஸாக்' என்ற கப்பல் இருநூறுக்கு மேற்பட்ட இந்தியர்களை ஏற்றிக்கொண்டு டிரினிடாட் கரையை அடைந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1917-ல் நிறுத்தப்படும் வரையில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய வடநாட்டவர். ஒரு சிறு பகுதியினர் சென்னையில் கப்பலேறிய நம் ஊர் மனிதர்கள். தீவில் அவர்களுக்கு 'மதராஸி' என்று பெயர்.

தோட்டத்து இந்தியர்களுக்கு வருஷத்தில் பெரிய திருநாள் மொஹரம். தீவில் அதை 'ஹோசே' என்பார்கள். நம் கிராமங்களில் பஞ்சா எடுக்கும்போது இந்துக்களும் கூடச் செல்வதுபோல், அங்கேயும் இந்து, முஸ்லிம் என்ற பேதமில்லாமல் எல்லோரும் ஊர்வலத்தில் சேர்ந்தார்கள். ஆப்பிரிக்கர்களில் சிலரும் வந்து மேளம் கொட்டினார்கள். காகிதத்தாலும் மூங்கிலாலும் செய்த அழகிய கோபுரங்களைச் சுமந்துகொண்டு, 'தாசா' என்னும் மேளத்தை முழக்கிச் செல்வார்கள். பறையை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றுவது போலத் தாசாவையும் காய்ச்சித்தான் வாசிப்பார்கள்.

1884-ம் வருஷத்தில் சர்க்கார் இந்த ஊர்வலங்கள் பட்டணத்துக்குள் நுழையக்கூடாது என்று விதித்தது. ஜனங்கள் மனுப் போட்டார்கள், பலிக்கவில்லை. அக்டோபர் 30-ந் தேதி, ஸான் பெர்னாண்டோ பட்டணத்தின் எல்லையில், மேளத்துடன் வந்த கூட்டத்தின்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பலர் மாண்டார்கள், நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயமுற்றார்கள். அவர்கள் கையில் பீரங்கி இல்லை. கோபுரமும் கொட்டுந்தான் இருந்தன.

ஒரே வருஷத்தில், ஒரே அதிகாரத்தினால், ஆப்பிரிக்கரின் முரசும் இந்தியரின் தாசாவும் அடக்கப்பட்டன. நேயர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிவில் இந்த விஷயத்துக்கு மறுபடியும் வரப்போகிறோம்.

மூங்கிலும் தகரமும்

தோலில்லாவிட்டால் என்ன, காட்டில் மூங்கில் இல்லையா? பருத்த மூங்கிலை ஓராள் உயரத்துக்கு நறுக்கித் தரையில் குத்தினால் 'பூம்' என்று கம்பீரமாக ஒலித்தது. சிறு துண்டுகள் இரண்டை ஒன்றோடொன்று மோதினால் நடுத்தரமான ஓசை வந்தது. மெல்லிய மூங்கிலைத் தோளில் சாய்த்துக் குச்சியால் அடித்தால் கீச்சுக்குரல் எழுந்தது. பாட்டிலும் கரண்டியும் ஜாலராவின் வேலையைச் செய்தன. இந்த மூங்கில் கோஷ்டிக்கு 'டம்பூ பாம்பூ' என்று பெயர். இரண்டு தலைமுறைக் காலம் கார்னிவலை நடத்தி வைத்தது இதுவே.

பாட்டுக்கும் விலங்கு பூட்டப் பார்த்தார்கள். 1934-ம் வருஷத்துச் சட்டம் ஒன்றினால், மேடையில் பாடப்போகும் பாட்டுக்களைத் தணிக்கை செய்யும் அதிகாரத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. கலிப்ஸோப் பாடகர்கள் சும்மா இருப்பார்களா? தங்களுக்குக் 'கர்ஜிக்கும் சிங்கம்', 'உறுமும் புலி' என்றெல்லாம் பட்டங்கள் சூட்டிக்கொண்டவர்கள் ஆயிற்றே! அவர்களில் 'ஹூண அட்டிலா' என்ற பட்டமுடைய ரேமண்ட் குவேவேடோ என்பவர் 1946-ல் நகரசபைக்கும், 1950-ல் சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தணிக்கை செய்யப்பட்ட பாடகரே சட்டம் செய்யும் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

மூங்கில் சீக்கிரம் பிளந்துபோகும். 1930-களில் ஒரு கார்னிவலில், மூங்கில் பிளந்ததும் எவனோ ஒரு பிள்ளை கைக்கு அகப்பட்ட தகரத்தை எடுத்துத் தட்டியிருக்க வேண்டும். மூங்கிலைவிடச் சப்தம் அதிகம், உடைவதும் இல்லை. சில வருஷங்களுக்குள் பிஸ்கோத்து டின், வர்ண டப்பா, குப்பைத் தொட்டி, அதன் மூடி, மோட்டார் வண்டியின் பிரேக் டிரம் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன. லவன்டில், பெல்மாண்ட், நியூடவுன் முதலிய ஏழைகளின் பேட்டைகளில் தங்கள் குப்பைத் தொட்டியைக் காணோம் என்று அந்நாளில் எத்தனை வீட்டுக்காரர்கள் திட்டினார்களோ, யார் கண்டது!

இரண்டாவது மகாயுத்தம் வந்ததும், 1942 முதல் தெருக் கார்னிவலைச் சர்க்கார் நிறுத்திவிட்டது. பிள்ளைகள் கொல்லைப்புறங்களில் தகரத்தை ஆராய்ந்தார்கள். அடிபட்டு நெளிந்த இடத்துக்குத் தகுந்தபடி ஓசை மாறுவதைக் கண்டார்கள். வின்ஸ்டன் ஸைமன் என்ற வாலிபனைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவன் இரவல் கொடுத்த தகரம் நெளிந்து திரும்பி வந்ததாம். அதைச் சுத்தியால் தட்டிச் சரிசெய்தபோது வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு ஸ்வரம் பேசியதாம். முதலில் கண்டுபிடித்தவர் அவரா, வேறொருவரா என்று இன்னமும் பேட்டைக்குப் பேட்டை வழக்கு இருக்கிறது. உண்மையில் ஒருவர் அல்ல, ஒரு தலைமுறையே கண்டுபிடித்தது என்று சொல்வதே நியாயம்.

1945-ம் வருஷத்தில் யுத்தம் முடிந்த செய்தி வந்த அன்று, எல்லாப் பேட்டைகளிலிருந்தும் தகரக் கோஷ்டிகள் வெள்ளமாகத் தெருவில் பாய்ந்தன. மறு வருஷக் கார்னிவலில் ஸைமன் தம் தகரத்தில் ராஜ வாழ்த்தையே வாசித்துக் காட்டினார் என்பார்கள். குப்பைத் தொட்டியிலிருந்து ராஜ வாழ்த்து எழுந்தால் அதைக் குற்றம் என்பதா, ராஜபக்தி என்பதா? போலீஸாருக்குச் சங்கடந்தான்.

பீப்பாய்க்குள் ஸ்வரங்கள்

டிரினிடாட்டில் எண்ணெய்க் கிணறுகள் உண்டு. யுத்தகாலத்தில் அமெரிக்கப் படைத்தளங்களும் வந்தன. ஆகவே 55 காலன் இரும்புப் பீப்பாய்க்குப் பஞ்சமில்லை. உட்பிரூக் பேட்டையைச் சேர்ந்த எல்லி மானெட் என்ற இளைஞர் அந்தப் பீப்பாயை எடுத்து, அடிப்பாகத்தை உட்குழிவாக அடித்து இறக்கினார். அவருடைய கோஷ்டி கூடிய இடம், 1971-ல் இந்தியா மேற்கிந்தியத் தீவினரை டெஸ்டு பந்தயத்தில் முதல் தடவையாக வென்ற குயின்ஸ் பார்க் ஓவல் மைதானத்துக்கு எதிரே இருக்கிறது.

வாத்தியம் செய்யும் விதத்தைக் கேளுங்கள். பீப்பாயின் அடித்தட்டைக் கனத்த சுத்தியால் சுற்றிச் சுற்றி அடித்து, வாணலி போல் குழிவாக்குகிறார்கள். குழிவில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் இடம் குறித்து, அதைச் சுற்றிச் சிற்றுளியால் வரம்பு கட்டுகிறார்கள். பக்கங்களை வேண்டிய உயரத்துக்கு அறுக்கிறார்கள். மேல்ஸ்தாயிக்குக் குட்டையாகவும், மந்தர ஸ்தாயிக்கு முழுப் பீப்பாயாகவும் விடுவார்கள். பிறகு நெருப்பில் காய்ச்சி இரும்பைப் பதப்படுத்துகிறார்கள். அதன்பின் வருகிறார் சுருதி சேர்ப்பவர். சிறு சுத்தியால் மேலிருந்து ஒரு தட்டு, கீழிருந்து ஒரு தட்டு. காதை வைத்துக் கேட்பார். மறுபடியும் ஒரு தட்டு. ஓர் இடத்தைச் சரிசெய்தால் பக்கத்து இடம் கலைந்துவிடும். பொறுமைக்கு எல்லையே இல்லை. வாசிக்கும் குச்சிகளின் நுனியில் ரப்பர் சுற்றியிருக்கும். அதனால்தான் இரும்பின் கடுமை போய், நீரில் மணி அடித்தாற்போன்ற நாதம் வருகிறது.

ஆண்டனி வில்லியம்ஸ் என்ற மேதை, சிலந்தி வலையைப் போல ஸ்வரங்களை வரிசைப்படுத்தினார். நம் சங்கீத பாஷையில் சொன்னால், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு பக்கத்தில் அதன் பஞ்சமமும், மறுபக்கத்தில் அதன் மத்தியமமும் இருக்கும்படி வட்டமாக அமைத்தார். உறவுள்ள ஸ்வரங்கள் அண்டை வீட்டில் இருப்பதால் ஒன்று ஒலிக்கும்போது மற்றது துணை செய்கிறது. மண்பானையைக் கடமாக்கிச் சபைக்கு ஏற்றியவர்கள், பீங்கான் கிண்ணத்தில் நீர் வார்த்து ஜலதரங்கம் வாசித்தவர்கள் நாம். இந்தச் சாதனையின் அருமை நமக்குத் தெரியாமற்போகாது.

வாசற்படி ஏறிய வாத்தியம்

ஆனால் டிரினிடாட்டின் கண்ணியமான குடும்பங்கள் இந்த வாத்தியத்தை வாசற்படி ஏறவிடவில்லை. தகரம் தட்டுகிறவன் காலி என்பது அவர்கள் தீர்மானம். அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. கோஷ்டிகள் சினிமாப் படங்களைப் பார்த்துக் 'காஸாபிளாங்கா', 'டோக்கியோ' என்று பெயர் வைத்துக்கொண்டு, கத்தியும் பாட்டிலுமாகத் தெருவில் மோதிக்கொண்டன. பள்ளிக்கூடத்துப் பிள்ளை பான் வாசிக்கப் போனான் என்று தெரிந்தால் வீட்டில் பிரம்படி நிச்சயம். பான் என்பதுதான் அந்தப் பீப்பாய் வாத்தியத்தின் பெயர்.

அந்தத் தடையை உடைத்தவர்களில் பெண்கள் முக்கியமானவர்கள். பெரில் மெக்பர்னி என்ற நாட்டிய மேதை 1948-ல் 'லிட்டில் கரிப்' என்ற தம் அரங்கத்தைத் திறந்து, மானெட்டின் கோஷ்டியை மேடைக்கு அழைத்தார். 1950-களின் தொடக்கத்தில் ஹேஸல் ஹென்லி என்பவர் படித்த பெண்களை மட்டுமே கொண்டு ஒரு கோஷ்டி அமைத்தார். நற்குடும்பத்துப் பெண்களே பான் வாசிக்கிறார்கள் என்றதும் ஊர் வாய் அடைத்துப்போயிற்று.

1951-ம் வருஷத்தில் லண்டன் நகரில் பிரிட்டிஷ் பொருட்காட்சிப் பெருவிழா நடந்தது. பல கோஷ்டிகளிலிருந்தும் சிறந்தவர்களைப் பொறுக்கி, ஜோஸப் கிரிபித் என்ற பாண்டு வாத்தியத் தலைவரின்கீழ் ஒரு குழுவை டிரினிடாட் அனுப்பியது. முன்பு தெருவிலே ஒருவரையொருவர் எதிர்த்தவர்கள் இப்போது பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஸைமன், மானெட், வில்லியம்ஸ் மூவரும் அதில் இருந்தார்கள். தேம்ஸ் நதிக் கரையில், துருவேறிய பீப்பாய்களைப் பார்த்த லண்டன்வாசிகள், வாசிப்பைக் கேட்டதும் வியப்பில் ஆழ்ந்தார்கள். முரசைத் தடுத்த ஏகாதிபத்தியத்தின் தலைநகரிலேயே அதன் பேரப்பிள்ளைக்குக் கரகோஷம் கிடைத்தது.

1962-ம் வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதி டிரினிடாட்டும் அதன் சகோதரத் தீவான டொபேகோவும் சுதந்திரம் அடைந்தன. அடுத்த கார்னிவலில், 1963-ல், பான் கோஷ்டிகளுக்குப் 'பனோரமா' என்ற பெரும் போட்டி தொடங்கியது. முதற் பரிசை வென்றது ஆண்டனி வில்லியம்ஸின் கோஷ்டி. நூறு பேர் சேர்ந்து நின்று, எட்டுப் பத்து நிமிஷம் நீடிக்கும் சிக்கலான உருப்படியை, எதிரே காகிதம் இல்லாமல் மனப்பாடமாக வாசிப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். குமாஸ்தாவும் தச்சனும் பள்ளிக்கூடத்துப் பெண்ணும் வேலை முடிந்து வந்து, வாரக்கணக்கில் நள்ளிரவு வரை பயின்ற பயன் அது.

முடிவும் தொடக்கமும்

முன்னே நேயர்களை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயத்துக்கு இப்போது வருவோம். லோபினோ பள்ளத்தாக்கில் ஓர் இந்திய வம்சத்துக் குடும்பத்தில் 1950-ல் பிறந்தவர் ஜித் ஸமரூ. தம் சகோதர சகோதரிகளைச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஒரு பான் கோஷ்டி நடத்தினார். பிறகு தலைநகரின் 'ரெனகேட்ஸ்' என்ற கோஷ்டிக்கு இசையமைப்பாளர் ஆனார். ஆப்பிரிக்க வம்சத்தவர் நிறைந்த தெருவின் கோஷ்டி அது. காலித்தனத்துக்குப் பெயர் போனது. அந்தக் கோஷ்டியை ஸமரூ 1982 முதல் 1997 வரையில் ஒன்பது தடவை பனோரமாவில் வெற்றி பெறச் செய்தார். கடைசி மூன்று வெற்றிகளும் தொடர்ந்தாற்போல் வந்தவை. 2016-ல் அவர் காலமானார். 1884-ல் ஒரே அதிகாரம் வாயடைத்த இரண்டு ஜனசமூகங்களும் ஒரே வாத்தியத்தில் சேர்ந்து பேசிவிட்டன. தாசாவும் மடியவில்லை, இன்றும் அந்தத் தீவின் கல்யாண வீடுகளில் முழங்குகிறது.

1992-ல் பான், தேசிய வாத்தியம் என்று பிரகடனம் செய்யப்பட்டது. 2023-ல் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை, ஆகஸ்டு 11-ந் தேதியை உலகப் பான் தினமாக அறிவித்தது. 1881-ம் வருஷத்துச் சண்டையை ஒவ்வொரு கார்னிவலிலும் தலைநகரின் பழைய தெருவொன்றில், விடிவதற்கு முன்னே, ஜனங்கள் நடித்துக் காட்டுகிறார்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரியம் ஒன்று 2025-ல் நடந்தது. அந்நாட்டின் ராஜ்யச் சின்னத்தில் கொலம்பஸின் மூன்று கப்பல்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அந்தக் கப்பல்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பானைப் பொறிக்கும்படி பார்லிமெண்டு சட்டம் செய்தது. அந்நியன் வந்த கப்பல் இருந்த இடத்தில், ஏழைப் பிள்ளைகள் குப்பையிலிருந்து எடுத்து அடித்த தகரம்!

இனிமேல் நம் வீட்டுக் குழந்தை பிஸ்கோத்து டின்னைத் தட்டும்போது அதைப் பிடுங்கி மேல்தட்டில் வைக்கத்தான் போகிறோம். பாட்டியின் காதும் முக்கியந்தான். ஆனால் பிடுங்குவதற்கு முன்னே ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டால் குற்றமில்லை.